மத்தியானம் வரும் பெயர்

அன்றைக்குச் சரணப்பா ரொட்டி தின்றான். கல்லப்பாவுக்கு இன்றுவரை செரிக்காத சங்கதி அதுதான். பெயரைப் பூட்டியதைக்கூடப் போனால் போகிறதென்று விட்டுவிடலாம். மேலேயிருந்து சொன்னார்கள், பூட்டினான், அதற்குத்தான் சம்பளம். ஆனால் பூட்டிய கையோடு குழாயடிக்கு வந்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஜெனரேட்டர் கொட்டகையில் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்லப்பாவின் பெண்டாட்டி தட்டிய சோள ரொட்டியைப் பிட்டு, கத்தரிக்காயில் தோய்த்துத் தின்றான். காரம் கொஞ்சம் தூக்கல் என்று வேறு சொன்னான். பூட்டிய பெயர் கல்லப்பாவின் அக்கா மகனுடையது. அதை மட்டும் சொல்லவில்லை.

ஹுப்பள்ளி கோகுல் ரோட்டில் இருந்தது அந்த ஆபீஸ். சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு எடை போடும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற இடம். எழுதுகிற பிள்ளைகள் மாடியில். அவர்கள் எழுதுவதைப் போட்டு ஓட்டிப் பார்க்கிற சர்வர் மெஷின்கள் கீழே, குளிரூட்டிய ஒரு கண்ணாடி அறையில். மெஷின்களுக்கு ஆறுகளின் பெயர் வைத்திருந்தார்கள். மலப்பிரபா, கடப்பிரபா, துங்கபத்ரா, மூலையில் பழசாக வரதா. கரண்ட் போனால் இந்த ஆறுகள் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது கல்லப்பாவின் வேலை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, மோட்டார் காயில் சுற்றும் கடையில் வளர்ந்தவன். அவனுக்கு ஜெனரேட்டர் தெரியும், பாட்டரி தெரியும். அதற்கு மேல் அந்தப் பெட்டிகளுக்குள் என்ன நடக்கிறதென்று அவன் கேட்டதில்லை.

உள்ளே நடப்பது சரணப்பாவின் பொறுப்பு. முதோளில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன் எப்படியோ கம்ப்யூட்டருக்குத் தாவி இங்கே வந்து சேர்ந்தான். கல்யாணம் இல்லை, கேஷ்வாபூரில் ஒற்றை அறை. புதிதாக ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால் எல்லா ஆற்றிலும் அவனுக்கு ஒரு பெயர் உண்டாக்கித் தருவது, முதல் பாஸ்வேர்டைக் காதோடு சொல்வது, யார் எந்த மெஷினுக்குள் போகலாம், எதற்குள் போகக்கூடாது என்று அளந்து விடுவது, இதெல்லாம் அவன் கையில். திங்கட்கிழமை காலையில் அவன் மேஜை முன்னால் ஒரு கூட்டம் நிற்கும். இரண்டு நாள் லீவில் பெண்டாட்டி பெயர் ஞாபகம் இருக்கிறது, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்பான் ஒருவன். நவல்குந்துக்காரன் ஒருவன் தன் எருமையின் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்துவிட்டு, அதை எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சப்பட்டுத் தவிப்பான். சரணப்பா சிரிக்காமல் திறந்துவிடுவான்.

பெயர் தருகிறவனே பெயரை எடுக்கவும் வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

அந்த ஆபீஸில் ஒருவனை வீட்டுக்கு அனுப்புவதென்றால் அதற்கு ஒரு முறை இருந்தது. ஆளைக் கூப்பிட்டுச் சொல்வதற்கு முன்னால் பெயரைப் பூட்டிவிட வேண்டும். முன்பு ஒருவன் போகிற ஆத்திரத்தில் ஒரு பருவத்துக் கரும்புக் கணக்கை மொத்தமாக அழித்துவிட்டுப் போனானாம், அதிலிருந்து இந்த ஏற்பாடு. ஆள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் மாடியிலிருந்து, ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் பார்க்கிற சுலோசனா மேடம் போன் செய்து பெயரைச் சொல்வாள். சரணப்பா சரி என்பான். ஆள் கை துடைத்துக்கொண்டு திரும்பிவந்து பாஸ்வேர்ட் போடுவான், மெஷின் ஏற்காது. அவன் விழிப்பதற்குள் மேடம் கூப்பிட்டுவிடுவாள். நடுவில் சரணப்பா ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்து அவன் பெயர்.

இது நாளாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பாஸ்வேர்ட் ஏறவில்லையென்றால் அந்த ஆபீஸில் காக்காய் தலையில் அடித்த மாதிரி. பெரிய எழுத்துப் பட்டன் தெரியாமல் அழுந்தியிருந்ததற்கு ஒருவன் வீட்டுக்குப் போன் போட்டு அழுதேவிட்டான். சரணப்பா தட்டோடு கேண்டீனுக்குப் போனால் பெஞ்சே காலியாகும். எமன் வீட்டுக் கணக்கப்பிள்ளை என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அதனால்தான் அவன் கல்லப்பாவின் கொட்டகைக்குச் சாப்பிட வந்தான். டீசல் நாற்றம், மேலே தகரச் சூடு, கீழே கல்லப்பாவின் முரட்டு வாய். ஆனாலும் அங்கே அவனைக் கண்டு யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

கல்லப்பாவின் அக்கா நீலவ்வா. புருஷன் இல்லாதவள். நவல்குந்தில் காய்ந்த நிலத்தில் பாசிப்பயறு போட்டு மகன் புண்டலீகாவைப் படிக்கவைத்தாள். அவனை இந்த ஆபீஸில் சேர்த்துவிட மேனேஜரின் வீட்டு வாசலில் நின்றது கல்லப்பாதான். சேர்ந்த அன்று, என் பிள்ளை மாதிரி, பார்த்துக்கொள் என்று சரணப்பாவிடம் கையைப் பிடித்துச் சொன்னான். பையனும் சரணண்ணா சரணண்ணா என்று அவனையே சுற்றினான். எமன் கதையை அவனும் கேட்டிருந்தான், ஆனால் நம் அண்ணன் நமக்கு முன்னாடியே சொல்லமாட்டாரா என்று மற்ற பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டிருந்தானாம்.

பெரிய ஆலை ஒன்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. ஆட்களைக் குறைக்க வேண்டும். ஒரு மத்தியானம் போன் வந்தது, சரணப்பா பூட்டினான், வந்து ரொட்டி தின்றான்.

அன்றைக்கென்று மாடியில் பெளகாவியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். அவர்களின் சாப்பாடு நீண்டது, பேச்சு நீண்டது, சுலோசனா மேடத்தால் எழுந்து வர முடியவில்லை. புண்டலீகா இடத்துக்கு வந்து பாஸ்வேர்ட் போட்டான். ஏறவில்லை. கீழே இறங்கிச் சரணப்பாவிடம் கேட்டான். இன்னொரு தடவை போட்டுப் பார் என்றான் சரணப்பா. போய்ப் போட்டான். மறுபடி வந்தான். மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை வந்தபோது பையனின் உதடு காய்ந்திருந்தது.

"அண்ணா, என் பேரைப் பூட்டிட்டாங்களா? இருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. மெஷின் மந்தமா இருக்கு. இன்னொரு தடவை போட்டுப் பாரு."

பையன் நம்பினான். சாயங்கால டீ வரைக்கும் உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருந்தான். அந்த ஹாலில் வேறு யாரும் வேலை செய்யவில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக்காரன் மெல்ல நாற்காலியை நகர்த்திக்கொண்டான். ஒரே ஒரு கீபோர்டின் சத்தம் மட்டும், அதே எழுத்துகள், அதே வேகத்தில். கடைசியில் மேடம் கூப்பிட்டாள். கவரோடு வெளியே வந்தவன் கண்ணாடி அறையின் வாசலில் நின்று, "போயிட்டு வர்றேண்ணா" என்றான். அவ்வளவுதான். கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

வீட்டுக்குப் போகவில்லை. அவனுடைய பைக் உணக்கல் ஏரிக்கரையில் பூட்டியபடி நின்றது. ஏரியில் வலை போட்டார்கள், ஆளை இறக்கினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் கேட்டார்கள், சொந்தக்காரர்களிடம் கேட்டார்கள். இருக்கிறானா, இல்லையா என்பதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. நீலவ்வா அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாள். கல்லப்பா சரணப்பாவோடு பேச்சை நிறுத்தினான். மத்தியானம் கொட்டகைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டான்.

அந்தக் கதவை ஒரு சனிக்கிழமை சரணப்பா இடித்தான். முகம் சுண்ணாம்பாக இருந்தது. எந்தப் பெயர் எந்த மெஷினில் நுழையப் பார்த்துத் திரும்பியது என்று மெஷினே குறித்துவைக்குமாம், வாரத்துக்கு ஒருமுறை அவன் அதைப் பார்ப்பான். மலப்பிரபாவின் வாசலில் புண்டலீகாவின் பெயர் தினமும் வந்து நின்றிருக்கிறது. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். சரியான பாஸ்வேர்ட்தான், ஆனால் பெயர் பூட்டிக் கிடப்பதால் திரும்பிப் போயிருக்கிறது. ஏரியில் வலை போட்ட அன்றும் வந்திருக்கிறது.

"கல்லப்பா, பையன் உயிரோட இருக்கான்யா. எங்கிருந்தோ உள்ள வரப் பாக்கறான்" என்றான்.

கல்லப்பா வேறொன்றும் கேட்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது.

அவசரப்பட்டுவிட்டார்கள். செவ்வாயோ புதனோ, சரணப்பா சாப்பாட்டு நேரத்தில் திரையின் முன்னால் காத்துக் கிடந்தான். பெயர் வந்தது. எங்கிருந்து வருகிறதென்று வால் பிடித்துக்கொண்டு போனான். வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அதே அறையின் மூலையில், வரதாவிலிருந்து வந்தது. புண்டலீகா வேலையில் இருந்தபோது வரதாவுக்கு ஒரு கட்டளை எழுதிவைத்திருக்கிறான். எல்லோரும் சாப்பிடப் போனதும் என் பெயரில் மலப்பிரபாவுக்குப் போ, ஆலைகளிலிருந்து வந்த எடைக் கணக்கை எடுத்து வா என்று. மற்ற ஆறுகளுக்கெல்லாம் ஒரே பூட்டு, ஓரிடத்தில் பூட்டினால் எங்கும் பூட்டிக்கொள்ளும். வரதா பழசு, அந்தக் கூட்டில் சேராதது, அதைத் தனியாகக் கையால் பூட்ட வேண்டும். யார் அதைத் தொடுகிறார்கள் என்று அன்றைக்குச் சரணப்பா விட்டுவிட்டான். ஆள் போன பிறகும் ஆளின் சொல்லை அந்தப் பெட்டி தட்டாமல் செய்துகொண்டிருந்தது.

இதைக் கேட்டதும் கல்லப்பா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "தின்ன ரொட்டி போதாதா உனக்கு? அவ இப்பத்தான்டா ஒரு வாய் கஞ்சி குடிச்சிருக்கா. திங்கட்கிழமை வர்றா. நீயே சொல்லு, மெஷின்தான்னு. உன் வாயாலேயே சொல்லு."

திங்கட்கிழமை நீலவ்வா வந்தாள். சித்தாரூட மடத்தில் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் விபூதியோடு, ஒரு டப்பா நிறையப் போளி சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். மகனுக்குப் பிடித்ததாம், வந்தால் கொடுக்கச் சொன்னாள். கொட்டகை வாசலில் நின்றாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது.

"சரணப்பா, இன்னைக்கு வந்தானா?"

சரணப்பா கல்லப்பாவைப் பார்த்தான். கல்லப்பா வாயைத் திறந்தான். கரண்ட் இருக்கும்போதே போய் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டான். அந்தச் சத்தத்துக்கு நடுவில், சரணப்பா குனிந்து அவள் காதருகே சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. வந்தான்க்கா.

அப்படி ஆரம்பித்ததுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நவல்குந்து பஸ்ஸில் வந்து இறங்குவாள். வந்தானா என்பாள். வந்தான் என்பான். அதில் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. ஏதாவது சொன்னானா என்று கேட்பாள். பெயரை மட்டும்தான் சொல்வான் அக்கா என்பான். இத்தனை நாளாக வெளியே நிற்கிறானே, கொஞ்சம் கதவைத் திறந்துவிடக்கூடாதா என்று ஒருநாள் கேட்டாள். அது என் கையில் இல்லை அக்கா, மேலே சொல்ல வேண்டும் என்றான் சரணப்பா. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

வரதாவில் அந்தக் கட்டளையை அழிக்க அவனுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கல்லப்பாவே கேட்டிருக்கிறான், ஏன் அழிக்கவில்லை என்று. அழித்தால் திங்கட்கிழமை என்ன சொல்வது என்பான். உண்மையைச் சொல் என்பான் கல்லப்பா. நீ சொல்லேன் என்பான் அவன். இருவரும் ரொட்டியைப் பிய்ப்பார்கள். ஆம், கொட்டகைக் கதவு மறுபடி திறந்திருந்தது. மன்னித்து அல்ல. அந்தப் பாரத்தைத் தூக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சாப்பிட்டுக்கொண்டே இருக்கையில் சரணப்பாவின் வாய் திடீரென்று நிற்கும். தலையைச் சற்றுச் சாய்ப்பான். கண்ணாடி அறை நாலு சுவர் தாண்டி இருந்தது, இங்கே ஒன்றும் கேட்காது, தெரியாது. ஆனாலும் "வந்துட்டான்" என்பான். பிறகு மென்று விழுங்குவான். கல்லப்பாவுக்கு முதுகில் எறும்பு ஊரும். திட்டுவான். அடுத்த நாளும் அந்த நேரத்துக்குத் தன் கையும் தட்டின் மேல் நின்றுவிடுவதைக் கவனித்து, தன்னையே திட்டிக்கொள்வான்.

கோடையில் கரண்ட் அடிக்கடி போகும். வேறு நேரத்தில் என்றால் கல்லப்பா பீடியை முடித்துவிட்டுத்தான் எழுவான். மத்தியானத்தில் போனால் ஓடுவான். பாட்டரி பலவீனமாகிவிட்ட ஒரு வருஷம், மற்ற ஆறுகள் எப்படியோ போகட்டும் என்று நல்ல பாட்டரிகளையெல்லாம் வரதாவின் பக்கம் திருப்பி மாட்டினான். மெஷின் என்று சொல்லிச் சட்டையைப் பிடித்தவன்தான்.

ஒருமுறை அந்த அறையின் குளிர்மெஷின் பழுதாகி அவனே உள்ளே போக வேண்டியிருந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏணியில் நின்று வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மூலையில் வரதா சும்மா கிடந்தது, தூசும் தும்புமாக. சட்டென்று அதன் விசிறி வேகம் எடுத்தது. யாரோ படியேறி வந்து மூச்சு வாங்குவது போல இருந்தது. முன்பக்கத்துச் சின்ன விளக்கு படபடத்தது. அறையின் மறுகோடியில் மலப்பிரபாவின் விளக்கு ஒருமுறை மினுக்கி நின்றது. பிறகு வரதாவின் விசிறி தணிந்து, பழையபடி சும்மா ஆகிவிட்டது. வந்து, கேட்டு, இல்லையென்று சொல்லித் திரும்பிப் போனது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது கல்லப்பாவுக்கு. "புண்டலீகா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டான். குளிர்மெஷின் ஓடாத அறையில் அவனுக்குப் பல் கிட்டியது.

அதற்குப் பிறகு மெஷின்தான் என்று சரணப்பாவிடம் அவன் வாதம் செய்ததில்லை.

சரணப்பா இளைத்துக்கொண்டே போனான். பூட்டச் சொல்லிப் போன் வருவது நிற்கவில்லை, பூட்டுவதும் நிற்கவில்லை. ஆனால் புண்டலீகாவுக்குப் பிறகு அவன் ஒரு காரியம் செய்தான் என்று ஆபீஸில் சொல்வார்கள். யாராவது வந்து பாஸ்வேர்ட் ஏறவில்லை அண்ணா என்றால், சொல்லக்கூடாததைச் சொல்லமாட்டான், பொய்யும் சொல்லமாட்டான். எழுந்து நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார் என்பான். தண்ணீர் கொடுப்பான். மேடம் கூப்பிடும் வரை பக்கத்திலேயே நிற்பான். அந்த நாற்காலியைப் பார்த்தாலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். அதற்காக யாரும் அவனை மெச்சவில்லை. எமன் இப்போது தண்ணீரும் தருகிறான் என்றார்கள்.

கடைசியில் கம்பெனியைப் பெங்களூர்க்காரர்கள் வாங்கினார்கள். எல்லாப் பெயர்களையும் இனி அங்கிருந்தே திறப்பார்கள், அங்கிருந்தே பூட்டுவார்கள். ஆறுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு, பழசை எடைக்குப் போட்டுவிடுவார்களாம். சரணப்பா முதோளுக்குத் திரும்பினான். அந்த மழைக்காலத்திலேயே மஞ்சள்காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்தான். ஆபீஸிலிருந்து ஒருவரும் போகவில்லை. கல்லப்பா பஸ் பிடித்துப் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தான்.

சரணப்பா ஆபீஸை விட்டுப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் வழக்கம்போலக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழுவினான். இன்றைக்குப் பூட்டிய பெயர் யாருடையது என்று கொட்டகைக்குள்ளிருந்தே கேட்டான் கல்லப்பா.

"என்னோடது."

"என்னய்யா சொல்றே?"

"பெங்களூர்லருந்து ஒரு பையன் போன் பண்ணான். யார்கிட்ட பேசறோம்னு அவனுக்குத் தெரியல. சரணப்பான்னு ஒரு பேர் எல்லா மெஷின்லயும் இருக்கு சார், அதைக் கொஞ்சம் பூட்டிடுங்கன்னான். சரி சார்னு பூட்டிட்டேன்."

கல்லப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சரணப்பாவும் சிரித்தான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு கல்லப்பா ரொட்டியை எடுத்து அவன் தட்டில் வைத்தான். இத்தனை வருஷத்தில் தன் கையால் எடுத்து வைத்தது அன்றைக்குத்தான்.

சரணப்பா ரொட்டியைத் தொடவில்லை. தன் பெயரைப் பூட்டுவதற்கு முன்னால், யாரையும் கேட்காமல், புண்டலீகாவின் பெயரைத் திறந்துவிட்டதாகச் சொன்னான். திறந்துவிட்டுத் திரையின் முன்னால் காத்திருந்தானாம். சாப்பாட்டு நேரம் ஆனது. பெயர் வந்தது. இந்த முறை மலப்பிரபா திருப்பி அனுப்பவில்லை. இத்தனை வருஷக் கரும்பு எடையும் அங்கே குவிந்து கிடந்தது. அத்தனையையும் வாரி எடுத்துக்கொண்டு போக வெகுநேரம் பிடித்ததாம். சரணப்பா அது முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

"திங்கட்கிழமை அக்கா வருவாங்க கல்லப்பா. நான் இருக்கமாட்டேன். கொஞ்ச நாள்ல வரதாவும் இருக்காது. அதனால நீ வந்தான்னு சொல்லாதே, வரலைன்னும் சொல்லாதே. கதவு திறந்துடுச்சு, உள்ள போயிட்டான், அவன் வேலையை முடிச்சுட்டான், இனிமே வெளிய நிக்கமாட்டான்னு சொல்லு. அவங்க கையைப் பிடிச்சுட்டுச் சொல்லு. அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு கேட்டாங்கன்னா, ஜெனரேட்டரைப் போடாதே. மெஷினைப் பத்தியும் சொல்லு. அந்த மத்தியானம் பூட்டிட்டாங்களான்னு பையன் கேட்டதையும், நான் இல்லைன்னதையும் ஒண்ணு விடாம சொல்லிடு."